சாய்ந்த தென்னையைத் தோப்பிலேயே சட்டமாக்கலாம்

புயலில் சாய்ந்த தென்னை, காய்ப்பு ஓய்ந்த தென்னை, நோய் கண்டு வெட்டிய தென்னை எதுவானாலும் அதன் அடிமரம் பெரும்பாலும் செங்கல் சூளைக்கே போய்ச் சேருகிறது. வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி போக விவசாயியின் கையில் நிற்பது சொற்பம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. மரத்தை அப்புறப்படுத்துவதே தனிச் செலவாயிற்று. விறகு விலைக்குப் போகும் இந்த மரத்தில்தான் மாட்டுக் கொட்டகைக்கும் கூரைக்கும் வேண்டிய சட்டம் இருக்கிறது.

பிலிப்பைன்ஸ் நாட்டில் தென்னை மரத்தை அறுத்துப் பயன்படுத்தும் முறைகளை 1970களிலிருந்தே ஆராய்ந்து வருகிறார்கள். 2013 நவம்பரில் ஹையான் புயல் அங்கே கோடிக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தபோது, சங்கிலி ரம்பங்களையும் இடம் பெயர்த்துச் செல்லக்கூடிய அறுவை இயந்திரங்களையும் தோப்புக்கே கொண்டு போய், விழுந்த மரங்களை அறுத்தார்கள். நம் தோப்புகளிலும் இதைச் செய்யலாம். ஆனால் தென்னையின் குணம் அறிந்து அறுக்க வேண்டும்.

வைரம் வெளியே இருக்கிறது

தேக்கு, வேம்பு, பலா போன்ற மரங்களில் வைரம் நடுவில் இருக்கும். தென்னையிலும் பனையிலும் அது வெளிப்புறத்தில் இருக்கும். உள்ளே வைரமுள்ளதை மரம் என்றும், வெளியே வைரமுள்ளதைப் புல் என்றும் தொல்காப்பியம் பிரித்துச் சொல்கிறது. தாவர நூலார் இன்றும் தென்னையைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களில் வைக்கிறார்கள்.

வயது முதிர்ந்த தென்னையின் அடிப்பகுதியில் வெளிப்புறமாக ஏறக்குறைய 2 முதல் 3 அங்குலம் வரை கெட்டியான மரம் உண்டு. உலர்ந்தபின் இது கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் நிற்கும். அதற்கு உட்புறம் 400 முதல் 600 கிலோ வரையுள்ள நடுத்தர மரம். நடுப்பகுதி 400 கிலோவுக்கும் குறைந்த சோறு. மேலே போகப் போகக் கெட்டிப் பகுதி மெலிந்து கொண்டே வரும். ஆகவே அறுவைக்கு ஏற்றது 50, 60 வயதுக்கு மேற்பட்ட மரத்தின் அடிப்பாகம், முக்கியமாக முதல் 20 அடி. இளமரம் சட்டத்துக்கு உதவாது. தஞ்சாவூர் வாடல் நோயில் பட்ட மரத்தின் அடித்தண்டு உளுத்திருக்கும். அந்தப் பகுதியை வெட்டித் தள்ளிவிட வேண்டும்.

நாள் கடத்தக் கூடாது

தென்னந்தண்டில் ஈரமும் சர்க்கரைச் சத்தும் அதிகம். வெட்டிப் போட்ட சில நாட்களிலேயே பூசணம் பிடித்துக் கறுக்கும். இரண்டு வாரத்துக்குள் அறுத்துவிடுவது நல்லது. மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பச்சைத் தண்டின் காயங்களுக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். இவை பிறகு நிற்கும் மரங்களையும் புதிதாக நட்ட கன்றுகளையும் தாக்கும். எனவே அறுவைக்கு ஆகாத தண்டையும் தோப்பில் கிடக்கவிடாமல் அப்புறப்படுத்த வேண்டும்.

எந்த இயந்திரம்?

10 அடி நீளமுள்ள பச்சைத் தண்டு ஒன்று 200 கிலோவுக்கு மேல் இருக்கும். அதை ஆலைக்குத் தூக்கிப் போவதைவிட இயந்திரத்தைத் தண்டு கிடக்கும் இடத்துக்குக் கொண்டு வருவது எளிது. இதற்கு இரண்டு வகை இயந்திரங்கள் உண்டு.

முதலாவது, இரும்புச் சட்டம் பொருத்திய சங்கிலி ரம்பம். விலை குறைவு, இருவர் தூக்கிச் செல்லலாம். ஆனால் அறுவை வாய் 8, 9 மில்லிமீட்டர் அகலம். 25 மி.மீ. பலகை ஒன்று எடுக்க 34 மி.மீ. மரம் செலவாகும், நாலில் ஒரு பங்கு தூளாய்ப் போகும்.

இரண்டாவது, தண்டவாளத்தின் மேல் ஓடும் நாடா ரம்பம். வாய் 2 முதல் 3 மி.மீ. மட்டுமே என்பதால் சேதம் பத்தில் ஒரு பங்குதான். விலை அதிகம், சமதளமும் வேண்டும். ஓரிரு மரம் உள்ளவர்கள் முதல் வகையை வாடகைக்கு எடுக்கலாம். பல தோப்புக்காரர்கள் சேர்ந்து தண்டுகளை ஒரே இடத்தில் அடுக்கினால் இரண்டாவது கட்டுப்படியாகும்.

தென்னையின் கெட்டிப் பகுதி ரம்பப் பல்லைச் சீக்கிரம் மழுங்கச் செய்யும். தீட்டிய சங்கிலி இரண்டு, மூன்று கைவசம் இருக்க வேண்டும். தண்டில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி, எலித் தகரத்துக்கும் கம்பிக்கும் அடித்த ஆணிகளைப் பிடுங்கிய பிறகே அறுக்க வேண்டும்.

அறுக்கும் முறை

தண்டை 10 அடித் துண்டுகளாக்கி, அடியிலிருந்து 1, 2, 3 என்று வண்ணத்தால் எண் போடுங்கள். மற்ற மரங்களைப் போல ஒரே பக்கமாகப் பலகை பலகையாக அறுத்துக் கொண்டே போனால், ஒவ்வொரு பலகையிலும் ஓரம் கெட்டியாகவும் நடு சோறாகவும் இருக்கும், காயும்போது கோணும். தண்டைத் திருப்பித் திருப்பி நான்கு பக்கமும் எடுக்க வேண்டும்.

உதாரணமாக, மேல்முனையில் 13 அங்குல விட்டமுள்ள துண்டை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் வளைந்த மேல்பட்டையை ஓர் அங்குலம் நீக்கி, அடுத்து 2 அங்குலக் கனத்தில் ஒரு பலகை எடுங்கள். எதிர்ப்பக்கமும் அப்படியே. பிறகு கால் சுற்றுத் திருப்பி மற்ற இரு பக்கங்களிலும் எடுங்கள். கிடைக்கும் நான்கு பலகைகளும் ஏறக்குறைய 7 அங்குல அகலம் இருக்கும். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளந்தால் 3க்கு 2 அங்குலத்தில், 10 அடி நீளத்தில் எட்டுச் சட்டங்கள் கிடைக்கும். நடுவில் மிஞ்சும் சோற்றுக்கட்டையைப் பாரம் தாங்கும் வேலைக்கு வைக்கக் கூடாது.

அறுப்பவர் கண்ணாடி, காதடைப்பு, காலணி இல்லாமல் ரம்பத்தைத் தொடக் கூடாது. வேட்டியோடு நின்று அறுப்பது ஆபத்து. புயலில் ஒன்றன் மேல் ஒன்றாய்ச் சாய்ந்த மரங்கள் வெட்டியவுடன் எகிறும். அனுபவசாலியை வைத்தே அவற்றை விடுவிக்க வேண்டும்.

பதப்படுத்தலும் உலர்த்தலும்

பதப்படுத்தாத தென்னை மரத்தைப் பூஞ்சையும் கறையானும் விடா. மூங்கிலுக்குக் கையாளும் கலவையே இதற்கும் உதவும்: 45 லிட்டர் நீருக்கு போராக்ஸ் 1½ கிலோ, போரிக் அமிலம் 1 கிலோ. பள்ளம் தோண்டித் தார்ப்பாய் விரித்து, இதில் சட்டங்களை அறுத்த அன்றே ஓரிரு நாள் ஊறவிட்டு எடுக்கலாம். கையுறை அணிய வேண்டும். ஆடுமாடு அண்டக் கூடாது. இம்மருந்து மழையில் கரைந்துவிடும். ஆகவே கூரைக்குள் இருக்கும் வேலைக்கே இது ஏற்றது. மண்ணில் ஊன்றும் கம்பத்துக்கு ஆகாது.

ஊறிய சட்டங்களைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், நிழலில், காற்றோட்டமாக அடுக்குங்கள். அடுக்குக்கு அடுக்கு 2 அடி இடைவெளியில் ஓர் அங்குலக் குறுக்குக் கட்டைகளை நேர் மேலாக வையுங்கள். மேலே பாரம் ஏற்றினால் கோணாது. ஓர் அங்குலப் பலகை உலர இரண்டு, மூன்று மாதமாகும். 2 அங்குலச் சட்டத்துக்கு அதைப் போல இருமடங்கு பிடிக்கும். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் வெடிக்கும்.

கெட்டி மரம் கைமரத்துக்கும் ரீப்பருக்கும் தூணுக்கும் ஆகும். ஆணி அடிக்குமுன் துளை போட்டுக்கொள்ளாவிட்டால் பிளக்கும். நடுத்தர மரம் தடுப்புக்கும் பரண் பலகைக்கும் ஆகும்.

அனுமதி

மர அறுவை ஆலைகளுக்கு உரிமம் தேவை. இயந்திரம் வாங்கி ஊரில் கூலிக்கு அறுக்க நினைப்போர் முன்னதாகவே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். தென்னையை அறுத்த பழக்கத்தில் பனையில் கை வைக்க வேண்டாம். பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்துள்ளது.

முதலில் ஒரு மரத்தின் அடித்துண்டை மட்டும் அறுத்துப் பாருங்கள். கிடைத்த சட்டத்தின் கடை விலையையும், அறுவைக்கூலி, மருந்துச் செலவையும் எழுதி, சூளைக்காரர் சொன்ன விலையோடு ஒப்பிடுங்கள். அதன் பின் மீதி மரங்களை என்ன செய்வதென்று முடிவு செய்யலாம்.