சலவைத் தொழிலாளி மகன் பேராசிரியர் ஆன கதை

காட்டு வேலை முடிந்து, மேல் கழுவி, தேத்தண்ணி டம்ளரோடு இந்தப் பகுதியைப் படிக்க உட்காரும் தொழிலாள நண்பர்களே! இந்த வாரம் உங்களுக்கு ஒரு வாத்தியாரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அவர் நாவல் எழுதினார், கவிதை எழுதினார், நாடகமும் எழுதினார். யாரோ சீமைக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். நம்ம கெடா மாநிலத்துப் பிள்ளைதான்!

அவர் பெயர் கே.எஸ். மணியம். 1942-ல் பீடோங்கில் பிறந்தார். தகப்பனார் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் தொழிலாளி. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். முதலில் ஒரு வருடம் தமிழ்ப் பள்ளியில் படித்தார். பிறகு சுங்கை பட்டாணியில் ஆங்கிலப் பள்ளி. அந்தக் காலத்தில் ஏழை வீட்டுப் பிள்ளை ஆங்கிலப் பள்ளிப் படியை மிதிப்பது லேசுப்பட்ட காரியமா?

படித்தார், விடவில்லை. 1962-ல் ஆசிரியர் பயிற்சிக்கு இங்கிலாந்து போனார். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து, கெடாவிலேயே பள்ளிக்கூட வாத்தியார் வேலை பார்த்தார். பலர் அதோடு போதும் என்று உட்கார்ந்துவிடுவார்கள். இவரோ 1970-ல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். பிறகு அதே இடத்தில் இலக்கியம் போதிக்கும் விரிவுரையாளர் ஆகி, 1997 வரை பணியாற்றினார்.

1981-ல் வெளிவந்தது இவருடைய முதல் நாவல், 'தி ரிட்டர்ன்'. 'திரும்பி வருதல்' என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் எழுதியது, ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் நம்ம சனங்கள்தான். ரவி என்ற பையனின் பாட்டி பெரியதாய், இந்தியாவிலிருந்து வந்து, பலகாரம் விற்றுப் பிழைக்கிறாள். குடியிருக்கும் மண்ணைச் சொந்தமாக்கிக்கொள்ள ஆசைப்படுகிறாள். கிராண்டு கிடைக்காமலே கண்ணை மூடுகிறாள். ரவியின் தகப்பனும் தனக்குச் சொந்தமில்லாத நிலத்தில் பிடிவாதமாக வீடு கட்டுகிறார். அந்த ஏக்கமே அவர் புத்தியையும் உயிரையும் வாங்கிவிடுகிறது. தகப்பனை நினைத்து எழுதிய ஒரு கவிதையோடு நாவல் முடிகிறது.

லயத்தில் பிறந்து லயத்திலேயே வளர்ந்தவர்களுக்கு இந்த வலியை விளக்கிச் சொல்ல வேண்டுமா? வேலை நின்றால் வீடும் போச்சு என்று பயந்து வாழ்ந்தவர்கள் நாம்.

இன்னொன்றையும் மணியம் மறைக்காமல் எழுதினார். ஆங்கிலம் படிக்கப் படிக்க, ரவி வீட்டை விட்டு மனசால் தூரப் போய்விடுகிறான். தகப்பன் பேச்சு மகனுக்கு எட்டவில்லை; மகன் படிப்பு தகப்பனுக்குப் புரியவில்லை. படிப்பு ஒரு கையால் கொடுக்கும், மறு கையால் எடுக்கும். இது பல வீடுகளில் நடக்கிறதுதானே?

அதற்காகப் படிப்பை விட்டுவிட முடியுமா? கூடாது! மணியமும் விடவில்லை. படித்த படிப்பை வைத்தே தன் சனத்தின் கதையை உலகம் அறியச் சொன்னார். 1993-ல் 'இன் எ ஃபார் கன்ட்ரி', 2003-ல் 'பிட்வீன் லைவ்ஸ்' என்று இன்னும் நாவல்கள் எழுதினார். 2000-ம் ஆண்டில் இந்தியாவின் ராஜா ராவ் விருது முதன்முதலில் இவருக்கே வழங்கப்பட்டது. 2020 பிப்ரவரியில் காலமானார்.

"அவர் இங்கிலீஷில் எழுதினால் நமக்கென்ன லாபம்?" என்று ஒரு அண்ணன் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நமக்கு வாசிக்க வராவிட்டால், வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு வருமே! அவனை வாசிக்கச் சொல்லி, தமிழில் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். அவன் சொல்லி முடித்ததும், உங்கள் பாட்டன் பாட்டி கப்பலேறி வந்த கதையை நீங்கள் அவனுக்குச் சொல்லுங்கள்.

நாளைக்கு அதை எழுதப் போகிறவன் அவனாகவே இருக்கலாம். யார் கண்டது?