உங்களுக்குத் தெரியுமா? சம்பளம் கிடையாது, கடை உண்டு!

● ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டு மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பதினைந்து, பதினாறு வயதைத் தாண்டாதவர்கள். ஜப்பானிலோ பாதிப் பேர் ஐம்பதை நெருங்கியவர்கள், அல்லது கடந்தவர்கள்.

● கானாவின் குமாசி நகரில் 'சுவாமே மேகசின்' என்றொரு வட்டாரம். தெருத்தெருவாக மெக்கானிக் ஷெட், வெல்டிங் பட்டறை, பழைய உதிரிபாகக் கடை. இன்ஜினைப் பிரித்து மாட்டும் பையன்களில் பலர் தொழிற்கல்விக் கூடத்தின் வாசலையே மிதிக்காதவர்கள்.

● நைஜீரியாவின் இக்போ சமூகத்தில், வியாபாரம் பழக வேண்டிய பையனை ஒரு முதலாளியிடம் ஒப்படைத்துவிடுவார்கள். சாப்பாடும் தங்க இடமும் உண்டு, சம்பளம் கிடையாது. காலையில் கடை திறப்பது, பெருக்குவது, சரக்கு இறக்குவது, விலையை மனப்பாடம் செய்வது, பேரம் பேசுவது, வசூலுக்கு அலைவது என ஐந்தாறு வருஷம் ஓடும். காலக்கெடு முடிந்ததும், தனிக்கடை போட முதலாளியே பணமாகவோ சரக்காகவோ முதல் கொடுத்து அனுப்ப வேண்டும். அதற்கு 'செட்டில்மென்ட்' என்று பெயர். நம்மூர் அண்ணாச்சி கடைகளில் வேலை பழகித் தனிக்கடை வைத்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

1970இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது, வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் இக்போ மக்களுக்குக் கையில் கிடைத்தது 20 பவுண்டுதான். அங்கிருந்து அவர்களைத் தூக்கிவிட்டதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. ஓட்டையும் உண்டு: செட்டில்மென்ட் நெருங்கும்போது திருட்டுப் பட்டம் கட்டி வெறுங்கையோடு விரட்டும் முதலாளிகள் அங்கேயும் இருக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு இதில் இடம் மிகக் குறைவு. ஆனாலும், சான்றிதழை மட்டும் நீட்டி அனுப்பும் எத்தனையோ அரசுப் பயிற்சித் திட்டங்களைவிட, தொழில் தொடங்க முதலும் கொடுக்கும் இந்த முறை ஒரு படி மேல்தான்.

● வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் கூலிக்கோ லாபத்துக்கோ உழைத்தாலும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்கில் நீங்கள் 'வேலையில் இருப்பவர்'. பல ஏழை நாடுகளில் வேலையின்மை குறைவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். வேலை தேடிக்கொண்டு சும்மா இருக்கவும் வசதி வேண்டுமே!

● உலகத் தொழில்திறன் போட்டிக்கு 1967இல் முதன்முதலாகப் போன தென்கொரியா தங்கம் வென்ற தொழில்கள்: தையல், செருப்புத் தைத்தல். பத்தே ஆண்டுகளில், 1977இல், ஒட்டுமொத்தச் சாம்பியன்!

● ஜூலை 15 உலக இளைஞர் திறன் நாள். அதற்கான தீர்மானத்தை 2014 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் முன்னின்று நிறைவேற்றவைத்த நாடு, இலங்கை.