நீரும் நிலமும் அறிந்த வேட்டைத்துணை

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்திற்குச் செல்லும் வழி ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அக்குறுகிய தொலைவுக்குள் கொளவாய் ஏரியின் நீர்ப்பரப்பும் திருக்கழுக்குன்றத்தின் பாறைக்குன்றும் முட்புதர்க்காடும் நெல்வயலும் பக்கிங்காம் கால்வாயும் கடற்கரை மணலும் அடுத்தடுத்து வருகின்றன. ஓட வேண்டிய நிலமும் நீந்த வேண்டிய நீரும் கலந்து கிடக்கும் இத்தகைய பகுதியில் வேட்டைக்குத் துணைநிற்கும் நாய்க்கு எத்தகைய உடலும் இயல்பும் வேண்டும்? இவ்வினாவுக்கு விடை தேடும்போது, ஓர் உயிரினத்தின் திறனை நிலமும் மக்களின் தொழிலும் எவ்வாறு வடிவமைக்கின்றன என்பது புலப்படும்.

விரைவுக்கு அமைந்த உடல்

ஞமலி, ஞாளி என நாயைக் குறிக்கும் சொற்கள் சங்க இலக்கியத்தில் வழங்குகின்றன. வேட்டுவரோடு காட்டில் திரியும் நாய்களை அப்பாடல்கள் பலவிடங்களில் காட்டுகின்றன. தமிழகத்தின் தென்மாவட்டங்களில் உருவான சிப்பிப்பாறை, கன்னி, இராசபாளையம், கோம்பை ஆகிய நாயினங்கள் இன்றும் புகழ்பெற்றவை.

இவற்றுள் சிப்பிப்பாறையின் உடலமைப்பைக் காண்போம். இதயமும் நுரையீரலும் நன்கு இயங்க இடந்தரும் ஆழ்ந்த மார்பு, ஒடுங்கிய வயிறு, நீண்ட கால்கள், கொழுப்புக் குறைந்த உடல், குட்டையான மயிர் ஆகியவை அதன் அடையாளங்கள். முழு விரைவில் ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சல் சுற்றிலும் இருமுறை அதன் நான்கு கால்களும் ஒருங்கே தரையைவிட்டு எழுகின்றன. வெட்டவெளியில் ஓடும் முயலைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிக்க இதைவிடப் பொருத்தமான உடல் அரிது.

அதே நாயை ஏரிக்குள் இறக்கினால் அதன் சிறப்புகளே குறைகளாகின்றன. கொழுப்புக் குறைந்த உடல் எளிதில் மிதப்பதில்லை. நீரானது காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கவர்ந்துவிடும். குட்டை மயிரால் அதனைத் தடுக்க இயலாது. கோரையும் நாணலும் அடர்ந்த கரையில் இரை கண்ணுக்குத் தென்படுவதுமில்லை. அங்கே வழிகாட்ட வேண்டியது மூக்கு.

நீருக்கு அமைந்த உடல்

தமிழில் ‘நீர்நாய்’ என்பது நாயின் பெயரன்று; ஆற்றிலும் ஏரியிலும் மீன்பிடித்து வாழும் வேறொரு விலங்கின் பெயர். அதன் அடர்ந்த உள்மயிர் காற்றைச் சிறைப்படுத்தி உடலின் வெப்பத்தைக் காக்கிறது. விரலிடைச் சவ்வு துடுப்பாகிறது. பருத்த வால் நீரில் திசைமாற்ற உதவுகிறது.

வியப்பு யாதெனில், நீரில் பணிபுரியவென மனிதர் வளர்த்தெடுத்த நாய்களிலும் இத்தன்மைகளைக் காண்கிறோம். லாப்ரடார் நாயின் முன்னோர், கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடற்கரையில் மீனவர்களுக்கு உதவியவை. தூண்டிலிலிருந்து நழுவிய மீன்களைக் குளிர்ந்த நீரில் பாய்ந்து எடுத்துவந்தவை. 19ஆம் நூற்றாண்டில் அவை பிரிட்டனை அடைந்தன. அங்கே சுடப்பட்டு வீழ்ந்த பறவைகளை நிலத்திலிருந்தும் நீரிலிருந்தும் எடுத்துவரப் பயிற்றுவிக்கப்பட்டன. எண்ணெய்ப்பசையுள்ள வெளிமயிர், அடர்ந்த உள்மயிர், விரலிடைச் சவ்வு, அடிபருத்த வால் ஆகியவை லாப்ரடாருக்கும் உண்டு. அதன் வாலை ‘நீர்நாய் வால்’ என்றே ஆங்கிலேயர் குறிப்பிடுகின்றனர்.

நீர்நிலைகள் நிறைந்த செங்கல்பட்டுப் பகுதியில் இத்தகைய நாயினம் ஏன் புகழ்பெறவில்லை? நீர்ப்பறவையோடு மக்கள் கொண்ட உறவை இங்கு எண்ணிப்பார்க்கலாம். வேடந்தாங்கல் மக்கள் ஏரிக்கு வரும் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் அவர்களின் வயலுக்கு உரமாயிற்று. வேட்டையாடிய ஊருக்கு வீழ்ந்த பறவையை எடுத்துவரும் நாய் தேவைப்பட்டது. காத்த ஊருக்கு அது தேவைப்படவில்லை.

பல்திறனும் அதன் விலையும்

பல்திறன் என்பது எல்லாத் திறன்களும் உச்சத்தில் அமைவதன்று. ஓட்டத்தில் லாப்ரடார் சிப்பிப்பாறையிடம் தோற்கும்; நீச்சலில் நீர்நாயிடம் தோற்கும். எனினும் இரண்டிடத்திலும் பணியை முடிக்க வல்லது. ஒவ்வொன்றிலும் சிறிது விட்டுக்கொடுத்துப் பெற்ற நடுநிலையே அதன் வலிமை.

உடல் மட்டும் போதாது. குறிப்பு வரும்வரை காத்திருத்தல், தொலைவிலிருந்து வரும் ஒலிக்குச் செவிசாய்த்தல், கவ்விய இரையைச் சிதைக்காமல் ஒப்படைத்தல் ஆகிய இயல்புகளும் வேண்டும். உணவின் மீதுள்ள விருப்பம் லாப்ரடாரைப் பயிற்றுவிக்க உதவுகிறது. அவ்விருப்பத்திற்கும் ஒரு விலை உண்டு. ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாரிடம் பசியையும் உடற்பருமனையும் மிகுவிக்கும் மரபணு மாற்றம் இருப்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டனர். குளிர்நீரில் காக்கும் அடர்மயிர், செங்கல்பட்டின் கோடைவெயிலில் சுமையாகிறது. நாய்க்கு வியர்வை மிகக் குறைவு. நாவை நீட்டி மூச்சிரைத்தே அது உடல் வெப்பத்தைத் தணிக்க வேண்டும்.

சதுப்புநிலத்தில் ஒரு தேர்வு

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள எவர்கிளேட்ஸ் என்னும் சதுப்புநிலத்தில், அயலகத்திலிருந்து வந்த பர்மிய மலைப்பாம்புகள் பெருகி அந்நிலத்துக்குரிய விலங்குகளை அழித்து வருகின்றன. அவற்றைக் கண்டறிய ஆபர்ன் பல்கலைக்கழகம் இரு கருநிற லாப்ரடார் நாய்களைப் பயிற்றுவித்தது. அந்நாய்களின் மோப்பத்தால் 19 பாம்புகள் பிடிபட்டன.

பின்னர், 2017இல் அதே பணிக்காகச் செங்கல்பட்டுப் பகுதி இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். அடர்ந்த புதர்களுக்குள் புகுந்து, பாம்பு ஊர்ந்த தடத்தையும் உரித்த தோலையும் எச்சத்தையும் கொண்டு அவர்கள் பாம்புகளைக் கண்டறிந்தனர். முதல் இரு வாரங்களில் 13 பாம்புகள் பிடிபட்டன. நாய் மணத்தைக் கற்றது. இருளர் நிலத்தையே கற்றிருந்தனர். இவ்விருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பணி மாறினாலும் திறன் வாழும்

ஒருகாலத்தில் தோல் வணிகத்திற்காகப் பாம்பு பிடித்தவர்கள் இருளர்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து அவ்வணிகம் முடிவுக்கு வந்தது. அவர்களின் அறிவு அதனோடு மறைந்துவிடவில்லை. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அவ்வறிவுக்குப் புதிய பணியைத் தந்தது. பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் அதனைக் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சிலிருந்து உருவாகும் முறிமருந்து பாம்புக்கடிக்கு ஆளானோரின் உயிரைக் காக்கிறது.

நம் நாட்டு நாயினங்களும் இன்று இத்தகைய திருப்பத்தில் நிற்கின்றன. அவற்றை உருவாக்கிய வேட்டைக்குச் சட்டத்தில் இடமில்லை. இராசபாளையம் நாயின் உருவம் 2005இல் இந்திய அஞ்சல்தலையில் இடம்பெற்றது. அது ஒரு பெருமை. ஆயினும் பெருமை மட்டுமே ஓர் இனத்தை வாழவைப்பதில்லை. தோட்டக்காவல், மோப்பத்தேடல் போன்ற பணிகள் கிடைத்தால்தான் அதன் திறன் அடுத்த தலைமுறைக்குச் செல்லும். பனிநாட்டு நாயைத் தோற்றத்திற்காக மட்டும் வாங்கி வெப்பத்தில் வாட விடுவதும், நாட்டு நாயைப் பணியின்றிச் சங்கிலியில் கட்டிவைப்பதும் ஒரே பிழையின் இருவேறு வடிவங்களே. நாயைத் தேர்ந்தெடுப்போர் முதலில் காண வேண்டியவை, அது வாழவிருக்கும் நிலமும் அதற்குத் தாம் தரவிருக்கும் பணியுமே ஆகும்.