உங்களுக்குத் தெரியுமா? வளைகுடாவில் சைனஸ் வலி
வடமேற்கிலிருந்து வீசும் ஷமால் காற்று கிளப்பும் தூசியும், இரவு முழுக்க ஓடும் ஏசியின் வறண்ட குளிரும் வளைகுடாவாசிகளின் மூக்கைப் படுத்தி எடுக்கும். கன்னமும் புருவமும் பாரமாக வலித்தால் வெந்நீர்த் துணி ஒத்தடம் இதமாக இருக்கும். உப்புநீரால் மூக்கைக் கழுவுவது இன்னும் நல்லது. ஆனால் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடவே கூடாது. கொதிக்கவைத்து ஆறிய நீர்தான் வேண்டும். மூளையைத் தின்னும் நெக்லேரியா அமீபா நுழையும் வழி மூக்குதான். அடைப்பு நீக்கும் ஸ்பிரேயைத் தொடர்ந்து 3 நாளுக்கு மேல் அடித்தால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

வலி 10 நாளாகியும் தீராவிட்டாலோ, குறைந்து மறுபடி ஏறினாலோ டாக்டரைப் பாருங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அமீரகத்தில் ஆம்புலன்ஸ் எண் 998.