பயிர்க் காவல் துவக்குக்கு மலிவான தோட்டாவைத் தெரிந்தெடுத்தல்

காட்டுப்பன்றியினால் விளையும் நட்டத்தைக் கமக்காரருக்கு எடுத்துக் கூறவேண்டியதில்லை. பால் பிடிக்கும் பருவத்து நெல்லையும், மரவள்ளி, வற்றாளை, சோளம் ஆகியவற்றையும் ஓரிரவில் உழக்கி அழித்துவிட்டு, விடியுமுன் அது காட்டுக்குள் மறைந்துவிடும். இதன்பொருட்டு அனுமதிப்பத்திரம் பெற்றுத் துவக்கு வைத்திருப்போர் பலர் உளர். ஆனால் தோட்டா விலை கூடிய பொருளாதலால், அதைப் பழக்கத்துக்காகச் செலவழிக்க அவர்களுக்கு மனம் வருவதில்லை. ஒரு முறையேனும் குறிப்பலகையிற் சுட்டுப் பாராத துவக்கை எடுத்து, நள்ளிரவிற் பரண்மீதிருந்து, அசையும் நிழலை நோக்கிச் சுடுகின்றனர். பன்றி காயத்துடன் ஓடிவிடுகின்றது. சில வேளைகளிற் சன்னம் அடுத்த வயலிற் காவலிருப்பவர்மீது பட்டுவிடுகின்றது.

பழகுவதற்கு விலை குறைந்த தோட்டாவே போதும். எனினும் எது மலிவு என்பதைப் பெட்டியின் விலையை மட்டும் பார்த்துத் தீர்மானித்தல் ஆகாது. உங்கள் துவக்குக்குப் பொருந்தாத தோட்டா இனாமாகக் கிடைத்தாலும் மலிவானதன்று; குழலை வெடிக்கச் செய்து விரல்களையும் கண்ணையும் அது கொண்டுபோகக்கூடும்.

இங்கே கூறப்படுவன யாவும் சன்னம் நிரப்பிய தோட்டாக்களைப் பற்றியனவே. ரைபிள் துவக்கு வயற்காவலுக்கு ஏற்றதன்று. மிகச் சிறிய ரைபிளின் குண்டும் ஒரு கிலோமீற்றருக்கு மேற் செல்லவல்லது. வெட்டவெளியான வயற்பரப்பில் அதனைத் தடுத்து நிறுத்த எதுவுமில்லை.

முதலில் துவக்கைப் படியுங்கள்

கடைக்குச் செல்லுமுன் துவக்கிலே தோட்டா இல்லையென்பதை உறுதி செய்துகொண்டு, குழலின் பின்புறத்தையும் அடிப்புறத்தையும் பார்க்கவேண்டும். அங்கே பரிசோதனை முத்திரைகளுடன் 12, 16, 20 என்பவற்றுள் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். இதனையே போர் என்பர். குழலின் உள்விட்டத்துக்குச் சரியான ஈயக் குண்டுகள் 12 சேர்ந்து ஓர் இறாத்தல், அதாவது 454 கிராம், நிறுக்குமாயின் அது 12 போர் துவக்காகும். ஆகவே எண் கூடக் கூடக் குழல் ஒடுங்கும். 12 போர் குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர், 20 போர் குழலினது 15.6 மில்லிமீற்றர்.

இவ்விரு அளவுகளினாலும் விளையும் ஆபத்தொன்றை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். 20 போர் தோட்டாவைத் தவறுதலாக 12 போர் துவக்கில் இட்டால், அது தோட்டா அறையைக் கடந்து வழுக்கிச் சென்று, குழல் ஒடுங்கத் தொடங்கும் இடத்திற் சிக்கிக்கொள்ளும். துவக்கைத் திறந்து பார்ப்பவருக்கு அறை வெறுமையாகத் தோன்றும். தோட்டா போடவில்லையென எண்ணி அவர் அதன்பின்னால் ஒரு 12 போர் தோட்டாவை இட்டு விசையை இழுத்தால், முன்னாற் கிடப்பது அடைப்பாகிக் குழல் பிளந்துவிடும். சோங்கின் முன்பாகத்தைப் பிடித்திருக்கும் கை சரியாக அவ்விடத்திலேயே இருக்கும். 20 போர் தோட்டாக்களுட் பல மஞ்சள் நிறத்தில் வருவது இதன்பொருட்டே. ஆயினும் எல்லாம் அவ்வாறு வருவதில்லையாதலால், நிறத்தை நம்பாது அடியிலுள்ள பித்தளையிற் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துப் பார்க்கவேண்டும். அயலவர் மடியிலிருந்து அள்ளிக் கொடுக்கும் தோட்டாக்களை வாங்கிப் பையிற் போட்டுக்கொள்ளும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

அடுத்துக் கவனிக்கவேண்டியது தோட்டா அறையின் நீளம். பழைய துவக்குகளில் இது 2½ அங்குலம் அல்லது 65 மில்லிமீற்றர் எனவும், பிந்தியவற்றில் 2¾ அங்குலம் அல்லது 70 மில்லிமீற்றர் எனவும் பொறிக்கப்பட்டிருக்கும். 3 அங்குல அறையுள்ளனவும் உண்டு. பலர் ஏமாறுவது இங்கேதான். பெட்டியில் 70 என்றிருப்பது சுட்டபின் மடிப்பு விரிந்த கூட்டின் நீளமாகும். சுடுமுன் மடிப்புடன் இருக்கும்போது அது 60 மில்லிமீற்றர் அளவிலேயே இருக்குமாதலால், 65 அறையிலும் இலகுவாக நுழைந்து, துவக்கும் ஒழுங்காக மூடிக்கொள்ளும். சுட்டவுடன் அதன் வாய் குழலின் ஒடுக்கத்துக்குள் விரிந்து வழியைக் குறைப்பதனால் அமுக்கம் பெருகுகின்றது. ஒரு முறை தப்பலாம். பத்து முறையும் தப்பலாம். பூட்டுத் தளர்வதும் குழல் வீங்குவதும் பின்னரே தெரியவரும். 65 அறைக்கும் உகந்ததெனப் பெட்டியில் எழுதப்பட்டிருந்தாலன்றி 70 தோட்டாவை அதிற் பயன்படுத்தற்க.

பாட்டன் காலத்துத் துவக்கொன்றின் குழலில் மரத்தின் ரேகைபோன்ற வரிகள் காணப்படின், அது இரும்பையும் உருக்கையும் நாடாவாகச் சுற்றி ஒட்டவைத்துச் செய்த குழலாகும். அது கரிமருந்துக் காலத்துக்குரியது. இக்காலப் புகையற்ற மருந்துத் தோட்டாவை அதிற் சுடாது, சுவரில் மாட்டி வைப்பதே நன்று.

பழகுவதற்கு எந்தச் சன்னம்

தோட்டாப் பெட்டியிலுள்ள எண்ணும் எழுத்தும் சன்னத்தின் பருமனைக் குறிக்கும். எண் கூடினாற் சன்னம் சிறிதாகும். பிரித்தானிய அளவின்படி 7 ஆம் இலக்கச் சன்னம் ஓர் அவுன்சுக்கு, அதாவது 28 கிராமுக்கு, 340. 6 ஆம் இலக்கம் 270. 4 ஆம் இலக்கம் 170. எஸ்.ஜி. எனப்படுவதோ 8 மாத்திரமே. 32 கிராம் நிரப்பிய எஸ்.ஜி. தோட்டாவில் 9 சன்னங்கள் இருக்கும். பிற நாடுகளில் அதே எண் சிறிது வேறுபட்ட பருமனைக் குறித்தலுமுண்டு.

பன்றிக்கென வாங்கிய எஸ்.ஜி. தோட்டாக்களைப் பழக்கத்துக்குச் செலவிடுவது வீண். அவை விலை கூடியவை. தோளையும் கடுமையாக இடிக்கும். இடிக்கு அஞ்சிக் கண்ணை மூடும் பழக்கமும் வந்துவிடும். துவக்கைத் தோளிற் பொருத்துதல், பூட்டைப் பார்த்தல், விசையை நிதானமாக இழுத்தல் என்பவற்றை 7 ஆம் இலக்கத்தில் 24 அல்லது 28 கிராம் நிரப்பிய மெல்லிய தோட்டாவினாற் கற்றுக்கொள்ளலாம். களிமண் தட்டுச் சுடுவோருக்காகப் பெருந்தொகையாகச் செய்யப்படுவதனால், இவ்வகையே பெரும்பாலும் விலை குறைந்ததாக இருக்கும். சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் துவக்குகளுட் சில 24 கிராம் தோட்டாவுக்கு ஒழுங்காக இயங்கா. அவற்றுக்கு 28 கிராமையே வாங்குக.

இரண்டு வகை மலிவான தோட்டாக்களில் எது நல்லதென்று கடைக்காரரிடம் கேட்பதிலும் பார்க்கக் கடதாசியிடம் கேட்பது மேல். செய்தித்தாள் விரிகள் மூன்றை ஒட்டிப் பலகையில் அறைந்து, 36 மீற்றர் தூரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரு வெடி சுடவேண்டும். பின்னர் துளைகள் செறிந்த இடத்தில் ஆணியொன்றை வைத்து, 38 சென்ரிமீற்றர் நூலாற் சுற்றி வட்டமிட்டு, உள்ளே உள்ள துளைகளை எண்ணவேண்டும். வாய் ஒடுக்கமில்லாத குழல் நூற்றுக்கு 40 சன்னங்களை வட்டத்துக்குட் செலுத்தும். அரை ஒடுக்கம் 60. முழு ஒடுக்கம் 70. ஆகவே 7 ஆம் இலக்கத்தில் 28 கிராம் தோட்டாவை ஒடுக்கமில்லாத குழலிற் சுட்டால், ஏறக்குறைய 136 துளைகள் இருத்தல் வேண்டும். ஒரு வெடியை வைத்துத் தீர்மானியாது, வகைக்கு மூன்று வெடிகளாவது சுட்டுப் பார்க்க. ஒன்றுக்கு 130, அடுத்ததற்கு 70, மூன்றாவதற்கு 150 என்றவாறு வருமாயின், அவ்வகையின் மருந்தோ தக்கையோ ஒரு சீரானதன்று. மென்மையான ஈயச் சன்னம் குழலுக்குள்ளேயே நசுங்கி ஒழுங்கற்றுப் பறப்பதும் உண்டு. பழக்கத்துக்கு ஓரளவு குறை பொறுக்கலாம். சீரின்மையைப் பொறுத்தல் கூடாது. உங்கள் குறி தவறியதா, தோட்டா தவறியதா என்பது அப்போது விளங்காது.

எஸ்.ஜி. தோட்டாவையும் இரண்டு மூன்று வெடிகள் மாத்திரம் இவ்வாறு பரீட்சிப்பது வீண்செலவன்று. பன்றியின் நெஞ்சுப்புற அளவாக 30 சென்ரிமீற்றர் வட்டம் வரைந்து, 20 மீற்றரிலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் பின்னே சென்று சுடுக. 9 சன்னங்களுட் பாதிக்கு மேல் வட்டத்துள் விழாத தூரமே உங்கள் துவக்கின் எல்லை. அவ்வெல்லை பலருக்கு வியப்பைத் தரும் அளவுக்குக் குறுகியதாக இருக்கும். அதனை ஒரு கம்பு நட்டு வயலில் அடையாளமிட்டு வைத்தால், இருளில் மதிப்பிட உதவும்.

சுடும் இடம்

சன்னம் எவ்வளவு தூரம் பறக்கும் என்பதை அறியாதவர் துவக்கைத் தொடலாகாது. 7 ஆம் இலக்கச் சன்னம் ஏறத்தாழ 200 மீற்றர் வரை செல்லும். எஸ்.ஜி. சன்னமோ 600 மீற்றரையுங் கடந்து போகவல்லது. பன்றியைக் கொல்லும் வலு அத்தூரத்தில் இராதெனினும், மனிதனின் கண்ணைக் கெடுக்கும் வலு இருக்கும். அன்றியும், நீர் கட்டிய வயலிலும் கல்லிலும் பட்ட சன்னம் அங்கேயே நில்லாது எகிறிச் செல்லும்.

ஆகவே அனுமதி பெற்ற குறிசுடும் திடல் கிட்ட இருக்குமாயின் அங்கு செல்வதே உத்தமம். அது இல்லாதவிடத்து, அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளைப் படித்தும் உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்திற் கேட்டும் அறிந்தபின்னரே, உயர்ந்த மண்மேட்டை நோக்கிப் பகல் வேளையிற் சுடலாம். குளக்கட்டை அதற்கென உபயோகித்தல் கூடாது. கட்டின்மேல் எவர் எப்போது நடந்து வருவாரென்று கூறமுடியாது. ஈயம் நஞ்சாதலால், கிணற்றருகையும் வாத்து மேயும் வயலையும் தவிர்த்துக்கொள்ளவேண்டும்.

வாங்குதலும் வைத்தலும்

அனுமதி பெற்ற விற்பனையாளரிடமே உங்கள் அனுமதிப்பத்திரத்தைக் காட்டி வாங்குக. பித்தளையிற் பச்சைக் களிம்பு, கூட்டில் வீக்கம், வாய்மடிப்பில் நெகிழ்வு, அடியின் நடுவிலுள்ள கேப்பு வெளியே தள்ளிநிற்றல் என்பவற்றுள் ஒன்று காணப்படினும் அப்பெட்டியைத் தள்ளிவிடவேண்டும். கடதாசிக் கூடுள்ள பழைய தோட்டாக்கள் ஈரத்தில் வீங்குவன. அறைக்குள் நுழையாதவற்றைக் கட்டையால் அடித்து நுழைக்கும் துணிச்சல்காரரும் நம்மிடையே உளர்.

சுட்ட கூட்டிலே மீண்டும் மருந்தும் ஈயமும் நிரப்பி மலிவாக விற்கப்படும் தோட்டாவை எக்காரணங் கொண்டும் வாங்கற்க. எந்த மருந்து, எவ்வளவு என்பது நிரப்பியவருக்கே பெரும்பாலுந் தெரியாது. அது சட்டத்துக்கும் மாறானது. இரும்புத் துண்டு, சைக்கிள் போல் முதலியன இட்டவை குழலின் உட்புறத்தைக் கீறிப் பாழாக்கும்.

வாங்கியவற்றை அடுப்பின் மேலுள்ள பரணில், விதைச் சோளத்தோடு சேர்த்து வைப்பது பலரின் வழக்கம். விதைக்குப் புகையும் சூடும் நன்மையாகலாம், தோட்டாவுக்கு ஆகா. இறுக்கமான மூடியுள்ள தகரப்பெட்டியில் இட்டு, துவக்கிலிருந்து வேறாக, பூட்டி வைக்கவேண்டும். பிள்ளைகளுக்குத் திறப்பு இருக்குமிடம் தெரியலாகாது. நனைந்த தோட்டாவை வெயிலிற் காயவைத்துச் சுடுதல் தகாது.

மலிவான தோட்டாவிற் சில வேளை நேரும் ஒரு குறையை இங்கே அழுத்திக் கூறவேண்டியுள்ளது. வழமையான ஓசைக்குப் பதிலாகப் புஸ்ஸென்று மெல்லிய ஓசை கேட்டால், தக்கையோ சன்னமோ குழலின் நடுவிற் சிக்கியிருக்கலாம். உடனே அடுத்த தோட்டாவைப் போடாது, துவக்கைத் திறந்து, கூட்டை எடுத்துவிட்டு, பின்வாய்ப் புறமிருந்து வானத்தை நோக்கிக் குழலினூடாகப் பார்க்கவேண்டும். வெளிச்சம் வட்டமாகத் தெரியாவிடின் மரக்கோலினால் அடைப்பைத் தள்ளியெடுக்கும்வரை சுடுதல் கூடாது. விசையை இழுத்தும் வெடியாவிடின், குழலை ஆபத்தற்ற திசையிற் பிடித்தவாறே ஒரு நிமிடம் பொறுத்திருந்து பின்னரே திறக்கவேண்டும்; சில தோட்டாக்கள் தாமதித்து வெடிப்பதுண்டு.

யானை வரும் இடங்களிலுள்ளோர், சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட அவ்விலங்கின்மீது எந்தச் சன்னத்தையும் ஏவலாகாது. காயம்பட்ட யானை சீழ் வைத்த புண்ணுடன் பல நாள் அலைந்து, எதிர்ப்படும் எவரையும் தாக்கும். கட்டுத்துவக்கும் அவ்வாறே விலக்கப்பட்டது. நூலிற் கால் இடறுவது பன்றியா, விறகுக்குப் போன பெண்ணா என்பதை அது அறியாது.

பயிற்சி முடிந்ததும் மிஞ்சிய தோட்டாக்களை எண்ணிப் பெட்டியில் இடுங்கள். வெடியாதவற்றையும் களிம்பு பிடித்தவற்றையும் தீயிலோ கிணற்றிலோ போடாமலும் மண்ணிற் புதையாமலும் வேறாகக் கட்டிப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கவேண்டும்.