விபத்துக்குள்ளான வேகக் கார்: மலிவா, மாயையா?

வேலையில் அமர்ந்து நான்கைந்து ஆண்டுகளான மகன் ஒரு மாலையில் தந்தையிடம் வருகிறான். "அப்பா, இருபது லட்சம் பெறும் கார் பன்னிரண்டுக்குக் கிடைக்கிறது. முன்பக்கம் சிறிது அடிபட்டதாம். பழுது பார்த்துப் புதிதுபோல் ஆக்கிவிட்டார்கள்" என்கிறான். "அடிபட்ட வண்டி நமக்கு வேண்டாமப்பா" என்கிறார் தந்தை. மகனின் முகம் வாடுகிறது. இருவர் சொல்லிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேகத்திற்கென்றே உருவாக்கப்பட்ட கார்களை இளம் உள்ளம் நாடுவது இயல்பே. 2020-ஆம் ஆண்டில் ஸ்கோடா நிறுவனம் 'ஆக்டேவியா ஆர்.எஸ். 245' என்னும் காரை இந்தியாவில் 200 மட்டுமே விற்பனைக்குக் கொண்டுவந்தது. 245 குதிரைத்திறன் உடைய அக்கார், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை ஏழு விநாடிக்குள் எட்டிவிடும். விலையோ ஏறத்தாழ 36 லட்சம் ரூபாய். இத்தகைய வண்டி அடிபட்ட நிலையில் குறைந்த விலைக்கு வருமென்றால் ஆசை மூளத்தான் செய்யும்.

தோலா, எலும்பா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எவ்வளவு மலிவு?" என்பதன்று, "எது உடைந்தது?" என்பதே.

இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் அடிச்சட்டமும் உடலும் தனித்தனியாக இல்லை. எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து ஒரே கூடாக அமைக்கின்றனர். மோதலின்போது வண்டியின் முன்பகுதியும் பின்பகுதியும் நசுங்கி அதிர்ச்சியை ஏற்க வேண்டும், நடுவிலுள்ள பயணியர் அறை உறுதியாக நிற்க வேண்டும் என்னும் கருத்தை வகுத்தவர், மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனப் பொறியாளர் பேலா பாரெனி. 1959-இல் அந்நிறுவனத்தின் காரில் அது நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் எத்தனையோ உயிர்களை அது காத்துள்ளது.

ஆனால், ஒருமுறை நசுங்கிய உறுப்பு தன் கடமையை முடித்துவிட்டது. பயணியர் அறையைச் சுற்றிலும் உள்ள தூண்களில், சுமார் 900 பாகை வெப்பத்தில் காய்ச்சி, அச்சில் அழுத்தி, உடனே குளிர்வித்து வலிமையேற்றிய எஃகு பயன்படுத்தப்படுகிறது. பட்டறையில் தீ காட்டி அதை நிமிர்த்தினால் வடிவம் திரும்பும், வலிமை திரும்பாது. கதவோ, பம்பரோ, மட்கார்டோ கெட்டால் அது தோலில் பட்ட காயம், புதிதாக மாற்றிவிடலாம். தூணும் அடிச்சட்டமும் வளைந்திருந்தால் அது எலும்பு முறிவு.

வேகக் காரில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியமானது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தை 120 ஆக்கினால், மோதலின் ஆற்றல் இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. அந்த வேகத்தில் ஓடப்போகும் வண்டிக்கு எலும்பு உறுதியாக இருக்க வேண்டாமா?

காற்றுப்பைகளையும் மறத்தலாகாது. விபத்தில் ஒருமுறை விரிந்த காற்றுப்பை மீண்டும் பயன்படாது. அதனுடன் சேர்ந்து இயங்கும் சீட் பெல்ட் இழுப்பான்களும் அப்படியே. இவற்றை மாற்றும் செலவு பெரிது. ஆகவே வெறும் மூடியை ஒட்டிவிட்டு, எச்சரிக்கை விளக்கின் இணைப்பைத் துண்டிப்பவர்களும் உண்டு. சாவியைத் திருப்பியதும் அவ்விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் ஐயம் கொள்ளுங்கள்.

ஏடுகள் பேசும்

பிரிட்டனில் 2017 முதல், காப்பீட்டு நிறுவனம் இழப்பாகக் கருதி ஒதுக்கிய வண்டிகளில் கட்டமைப்புக் கெட்டதை 'எஸ்' என்றும், கெடாததை 'என்' என்றும் வகைப்படுத்துகின்றனர். நம் நாட்டுப் பதிவுச் சான்றிதழில் அத்தகைய முத்திரை கிடையாது. இங்கு, பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டியை முழு இழப்பாகக் கருதுகின்றனர். சிதைந்த அவ்வண்டி விற்கப்பட்டு, எங்கோ ஒரு பட்டறையில் உருப்பெற்று, மீண்டும் சந்தைக்கு வருவதுண்டு.

இதைக் கண்டறிய ஓர் எளிய வழி, காப்பீட்டுப் பத்திரத்தைப் படிப்பது. இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கு 20 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை தள்ளுபடி உயரும். கோரினால் பொதுவாகச் சுழியாகிவிடும். ஒரே உரிமையாளரிடம் ஐந்தாண்டு இருந்த வண்டிக்குத் தள்ளுபடி இல்லையெனில், காரணத்தைக் கேளுங்கள். வண்டியில் பொறித்துள்ள சேஸிஸ் எண்ணைச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். சிதைந்த வண்டியின் ஏடுகளைத் திருட்டு வண்டிக்குச் சூட்டும் மோசடியும் உலகில் உண்டு.

பின்னர், விற்பவருக்கு வேண்டாத ஒரு மெக்கானிக்கை அழைத்துச் சென்று, வண்டியைத் தூக்கி அடிப்பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள். தொழிற்சாலை வண்ணப்பூச்சின் கனம் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். அளவுகருவி அதைவிடப் பன்மடங்கு காட்டினால் அங்கே பட்டி பூசப்பட்டுள்ளது. நான்கு சக்கரங்களின் அலைன்மென்ட் அளவுகள் வரம்புக்குள் வரவில்லையென்றால் கூடு கோணியிருக்கலாம். பழுது பார்த்தபோது எடுத்த படங்களும் பில்களும் இருந்தால் கேட்டு வாங்குங்கள். விபத்துக்குப் பின், பழுதுக்கு முன் எடுத்த படம் ஒன்று ஆயிரம் சமாதானங்களுக்கு ஈடாகும்.

கணக்குப் பார்ப்போம்

எட்டு லட்சம் மிச்சம் என்கிறான் மகன். காற்றுப்பைகள், ரேடியேட்டர், டர்போவுக்குரிய குளிர்விப்பான், விளக்குகள் ஆகியவற்றில் குறையிருந்தால் அந்த மிச்சத்தில் பெரும்பகுதி கரையும். வேகக் காரின் டயரும் பிரேக்கும் சாதாரணக் காரினதைவிட விலை மிகுந்தவை. நம் மாதச் சம்பளம் அதற்கு யானைப் பசிக்குச் சோளப்பொரியாகிவிடக் கூடாது. நாளை விற்கும்போதும் அது அடிபட்ட வண்டிதான். வாங்கும்போது கிடைத்த தள்ளுபடியை விற்கும்போது நாமே கொடுத்தாக வேண்டும்.

ஆகவே தந்தை "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடிக்க வேண்டியதில்லை. தோல் மட்டுமே காயப்பட்டது என்பதற்குச் சான்று இருந்து, காற்றுப்பைகள் விரியாதிருந்து, விலையும் நியாயமாக இருந்தால் வாங்கலாம். எலும்பு முறிந்ததென்றால், இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். சான்று எதுவும் இல்லையென்றால் எலும்பு முறிந்ததாகவே கொள்வது நலம்.

ஒன்றை மட்டும் மகன் நினைவில் கொள்ளட்டும். நாளை அதே வண்டியை அவன் விற்க நேரும். அன்று வாங்க வருபவனும் தன்னைப்போல் ஓர் இளைஞனாக இருப்பான். பின்னிருக்கையில் அவன் மனைவியும் குழந்தையும் அமர்வர். விலை குறைந்தாலும் நடந்ததை மறையாமல் சொல்லிவிட வேண்டும். தன்னிடம் பிறர் சொல்ல வேண்டுமென்று அவன் எதிர்பார்த்ததும் அதுதானே!