75 மில்லிமீற்றரும் ஒரு வரித் திருத்தமும்

மழைக்காலம் வந்தால் பதுளை மாவட்டத் தோட்டங்களில் எல்லோரும் காது கொடுத்துக் கேட்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவித்தலைத்தான். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேறியே ஆக வேண்டும். அதே 75 மில்லிமீற்றர் ஒரே மணித்தியாலத்தில் கொட்டினாலும் உடனே வெளியேற வேண்டும். எண் ஒன்றுதான், பக்கத்தில் நிற்கும் கால அளவு மாறினால் கட்டளையே மாறிவிடுகிறது. இந்த அளவுகளைக் கணக்கிடும் நிரல் ஒன்று இருப்பதாகவும், அதன் விளக்கக் குறிப்பில் வாக்கியத்தைச் சுருக்கி அழகாக்கப்போன ஒருவர் அந்தக் கால அளவை வெட்டிவிட்டதாகவும் வைத்துக்கொள்வோம். நிரலில் ஒரு புள்ளிகூட மாறவில்லை, ஆகவே எதுவும் பழுதாகாது. ஆனால் அந்தக் குறிப்பை நம்பி வேறொரு செயலி எழுதுகிறவர் தவறான எல்லையை அதில் பதித்துவிடுவார்.

இப்படியொரு வெட்டு எப்படி நுழையும்? திறந்த மூல மென்பொருளில் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம்; பராமரிப்பாளர்கள் பரிசீலித்துச் சேர்ப்பார்கள். நிரலைத் திருத்தினால் பத்துக் கேள்வி கேட்பவர்கள், விளக்கக் குறிப்பைத் திருத்தினால் மொழிநடையை மட்டும் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்வது பல இடங்களில் வழக்கம். இந்த வழக்கம் தலைகீழானது என்பது என் கட்சி. குறிப்பில் உள்ள ஒவ்வொரு வரியும் 'இப்படிச் செய்தால் இது நடக்கும்' என்று அடித்துச் சொல்கிறது. பரிசீலனை என்றால் அது உண்மையா என்று ஓட்டிப் பார்ப்பது.

தமிழிலேயே இதற்கு உதாரணம் உண்டு. பல நாடுகளில் இருக்கும் தன்னார்வலர்கள் பைத்தன் நிரல் மொழியில் வளர்த்த 'ஓப்பன்-தமிழ்' என்ற நிரல் நூலகம் தமிழ் எழுத்துகளைத் தமிழர் எண்ணுவது போலவே எண்ணும். 'பதுளை' என்று கொடுத்தால் ப, து, ளை என மூன்று எழுத்து. பைத்தனின் வழக்கமான அளவீட்டிடம் கேட்டால் ஐந்து என்று சொல்லும், ஏனெனில் யுனிகோடில் உகரக் குறியும் ஐகாரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள். குறிப்பில் 'மூன்று' என்றிருப்பதைத் தன் கணினியில் கண்ட 'ஐந்து' என ஒருவர் நல்லெண்ணத்தோடு திருத்தி அனுப்பினால், மொழிநடையை மட்டும் பார்க்கும் பரிசீலகர் நன்றி சொல்லிச் சேர்த்துவிடுவார். சரியாக இருந்தது அன்றோடு பிழையாகும்.

இதற்கு உடனே வரும் மறுப்பு நேரம் பற்றியது. சம்பளமில்லாமல் வேலை செய்கிறவர்கள் ஒவ்வொரு அரைப்புள்ளிக்கும் நிரலை ஓட்டிக்கொண்டிருக்க முடியுமா? நியாயமான கேள்வி. 2020 ஒக்டோபரில் 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' என்ற திறந்த மூல நிகழ்வில் நான்கு திருத்தம் அனுப்பும் முதல் 70,000 பேருக்கு டீ-சேர்ட் என்று அறிவித்ததும், அறிமுகக் கோப்பில் 'அருமையான திட்டம்' என்ற வகையில் ஒரு சொல்லைச் செருகி அனுப்பியவர்களால் பராமரிப்பாளர்கள் திணறிப்போனார்கள். சம்மதித்த திட்டங்களுக்கு மட்டும்தான் என்று சில நாட்களிலேயே விதியை மாற்ற வேண்டி வந்தது. ஆனால் அப்படியான வெள்ளத்தைக் கடக்கவும் ஒரு கேள்வி போதும்: இந்த வரி புதிதாக எதையாவது சொல்கிறதா? ஒன்றும் சொல்லாததை ஒரு நொடியில் மூடிவிடலாம்; எழுத்துப் பிழையை ஒரு நிமிடத்தில் ஏற்கலாம். எண், அலகு, கட்டளை, பதிப்பு ஆகியவற்றைத் தொடும் வரிக்குத்தான் நேரம் வேண்டும், அத்தகைய வரிகள் பெரும்பாலும் சொற்பமே.

இயந்திரமே சோதிக்கட்டுமே என்பார்கள். பைத்தனோடு 2001 முதல் வரும் 'டாக்டெஸ்ட்' என்ற கருவி, குறிப்பில் உள்ள உதாரணங்களை ஓட்டி, விடை பொருந்துகிறதா என்று பார்க்கும். பதுளை மூன்றா ஐந்தா என்பதை அது பிடித்துவிடும். 'ஒரு மணித்தியாலத்தில்' என்ற சொல் காணாமல் போனதைப் பிடிக்காது, உரைநடையை அது வாசிப்பதில்லை.

குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுவதால், மொழி விடயம் இதைவிடக் கனமானது. தமிழ் மொழிமூலத்தில் படித்து, பதுளை மாவட்டத்துப் பசறையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ வரும் பிள்ளையின் ஆங்கிலம் தடுமாறலாம். நடையைப் பார்த்து அளந்தால் அவர் முதல் திருத்தத்திலேயே விழுந்துவிடுவார். உண்மையைப் பார்த்து அளந்தால் நிற்பார். வாக்கியத்தைச் செப்பனிடப் பரிசீலகருக்கு இரண்டு நிமிடம் போதும். அதோடு, மென்பொருளை முதன்முறை நிறுவுகிற அவருக்குத்தான் விடுபட்ட படி கண்ணில் தட்டுப்படும். பழகியவர் அதை அறியாமலே தாண்டிப் போயிருப்பார். வழவழப்பான ஆங்கிலத்தைச் செயற்கை நுண்ணறிவு இலவசமாகக் கொட்டும் இந்த நாளில், நடையை வைத்து எவரையும் நம்ப முடியாது என்பதும் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே திருத்தம் அனுப்புகிறவரிடம் இரண்டே கேள்வி கேட்கலாம்: எந்தப் பதிப்பில் ஓட்டினீர்கள், திரையில் என்ன வந்தது? பதுளையிலேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே கணினியியல் படிப்பும் இருக்கிறது. ஒரு தவணைப் பயிற்சியாக, மாணவர் ஒருவர் அனுப்பும் குறிப்புத் திருத்தத்தை இன்னொருவர் ஓட்டிப் பார்த்து இந்த இரண்டுக்கும் விடை எழுதினால் அதற்கும் புள்ளி கொடுக்கலாம். புதிய கட்டடமோ கருவியோ இதற்குத் தேவையில்லை.